ஆசைக்கு மடை மாற்றுதல்: கிரேக்க அறச்சிந்தனையைப் பயிலும் முறை

கிரேக்க மெய்யியலுக்குள் நம்மில் பெரும்பாலோர் மேற்கோள்களின் வழியாகவே வருகிறோம். ‘உன்னையே நீ அறிவாய்’ என்னும் வாசகத்தை நாட்காட்டியிலோ பயிற்சி நிலையச் சுவரிலோ பார்த்து, அது சாக்ரட்டீஸ் சொன்னது என்று நம்பி, தலையசைத்துவிட்டுப் போய்விடுகிறோம். அது தெல்ஃபி என்னும் ஊரின் அப்பல்லோ கோயிலில் பொறிக்கப்பட்டிருந்த வாசகம். சாக்ரட்டீஸ் அதை எடுத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் பயின்றார். அந்தப் பயிற்சியை நம் ஊரில் இருந்துகொண்டு, நம் கையிலுள்ள ஓர் ஆசையையோ முடிவையோ வைத்து எப்படிச் செய்வது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். கும்பகோணத்தை ஒட்டிய எங்கள் ஊரில் ஐந்து பேர் சனிக்கிழமை மாலைகளில் அரசலாற்றுப் படித்துறையில் கூடி இந்நூல்களைப் படித்து வருகிறோம். அங்கே பலித்ததும் பலிக்காததுமே இதற்கு முதல்.

பூம்புகாரில் யவனர் குடியிருந்த செய்தியைச் சிலப்பதிகாரம் சொல்வதால், இந்தச் சிந்தனையும் கப்பலேறி நம் கரைக்கு வந்திருக்கும் என்று சொல்லத் தோன்றும். அதற்குச் சான்று கிடையாது, வந்தவர்கள் வணிகர்கள். நாம் புதிதாகவே தொடங்குவோம்.

தொடங்குமுன்

முதலில் ஒரு பொருள் வேண்டும். ‘ஒழுக்கம் என்றால் என்ன’ என்று பொதுவாகத் தொடங்கினால் அரை மணி நேரத்தில் பேச்சு நாட்டு அரசியலில் போய் நின்றுவிடும். ஆகவே, இந்த மாதம் நீங்கள் எடுத்தே தீர வேண்டிய ஒரு முடிவைக் குறிப்பேட்டில் ஒரே வரியில் எழுதுங்கள்: அடகிலுள்ள நகையை மீட்பதா, அந்தப் பணத்தில் வண்டி வாங்குவதா; பாகப்பிரிவினையில் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதா, வழக்குக்குப் போவதா. இனி வரும் ஒவ்வொரு பயிற்சியும் அந்த ஒரு வரியின்மேலேயே நடக்க வேண்டும்.

இரண்டாவதாக ஒரு துணை வேண்டும். சாக்ரட்டீஸ் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை; அவருடைய மாணவர்களான பிளேட்டோவும் செனஃபோனும் எழுதியவற்றின் வழியாகவே அவரை அறிகிறோம். தன் தாய் மருத்துவச்சி என்றும், தானும் அதே தொழிலைத்தான் செய்வதாகவும், பிறர் மனத்தில் கருக்கொண்ட எண்ணங்களை வெளிக்கொணர்ந்து அவை உயிருள்ளவையா என்று சோதிப்பதே தன் வேலை என்றும் அவர் சொன்னதாகப் பிளேட்டோ எழுதுகிறார். மருத்துவச்சி தனக்குத் தானே பிரசவம் பார்த்துக்கொள்வது கடினம், இதுவும் அப்படித்தான்.

மூன்றாவது, நூல்களை எந்த வரிசையில் படிப்பது என்பது. பலரும் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் தொடங்கி, இரண்டாம் பகுதியைத் தாண்டாமலே மூடிவைத்துவிடுகிறார்கள். கி.மு. 399-இல், தம் 70-ஆம் வயதில், நீதிமன்றத்தின் முன் சாக்ரட்டீஸ் பேசிய தற்காப்புரையிலிருந்து தொடங்குங்கள். ஒரே மாலையில் முடித்துவிடலாம். அடுத்து, பிளேட்டோ எழுதிய உரையாடல்களில் ‘லாக்கஸ்’, பிறகு ‘மெனோ’. பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டிலின் ‘நிக்கமாக்கிய அறவியல்’ பத்துப் பகுதிகள் கொண்டது. அதில் இரண்டாம் பகுதியை முதலிலும் ஏழாம் பகுதியை அடுத்தும் படித்தால் போதும். எபிக்யூரஸ் தம் மாணவர் மெனோய்க்கியஸுக்கு எழுதிய கடிதம் சில பக்கங்களே. ஸ்டோயிக் என்னும் மெய்யியல் மரபைச் சேர்ந்த எபிக்டெட்டஸின் போதனைகளிலிருந்து அவருடைய மாணவர் அர்ரியன் தொகுத்த கைந்நூல் இன்னும் எளிது. ‘குடியரசு’ கடைசியில் வரட்டும்.

சொற்களை முதலில் சரிசெய்தல்

‘அரெத்தே’ என்னும் கிரேக்கச் சொல்லை நாம் அறம் அல்லது நற்குணம் என்று பெயர்த்துக்கொண்டு படித்தால் பாதி நூல் விளங்காமலே போகும். கொடி வெட்டும் கத்திக்கும், குதிரைக்கும், கண்ணுக்கும் அரெத்தே உண்டு என்று பிளேட்டோ எழுதுகிறார். திராட்சைக் கொடியை எதை வைத்தும் வெட்டலாம், ஆனால் அதற்கென்றே செய்த கத்தி வெட்டுவதுபோல வேறொன்று வெட்டாது என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு. நம் வயலில் கருக்கரிவாள் அப்படி. கருக்கு மழுங்காமல் கதிரை ஒரே இழுப்பில் அறுக்கும் தன்மை அதனுடைய அரெத்தே. அப்படியானால் மனிதனுக்கு உரிய வேலை என்ன, அதை நன்றாகச் செய்ய வைக்கும் தன்மை எது என்பதே அவர்களுடைய கேள்வி. ‘சிறப்பு’ என்று மனத்துக்குள் வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் பொருந்திவிடும்.

ஆசைக்கும் அவர்களிடம் ஒரே சொல் இல்லை. வயிற்றிலும் உடலிலும் எழும் வேட்கை ஒன்று. ஆராய்ந்து விரும்பும் விருப்பம் ஒன்று. இவற்றுக்கு நடுவே ‘தூமோஸ்’ என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் படிப்பவர்கள் இந்த மூன்றாவதில் தடுமாறுவார்கள். நமக்கு அந்தத் தொல்லை கிடையாது, அது ரோஷம். ‘குடியரசு’ நூலில் லியோன்டியஸ் என்பவன் துறைமுகத்திலிருந்து ஏதென்ஸுக்கு ஏறி வரும் வழியில், மதிலோரம் கொலைத்தண்டனை பெற்றவர்களின் பிணங்கள் கிடப்பதைக் காண்கிறான். பார்க்கவும் ஆசை, அருவருப்பும்கூட. முகத்தை மூடிக்கொண்டு சிறிது நேரம் போராடிய பிறகு, ஆசை மேலோங்கவே, கண்களை அகல விரித்துக்கொண்டு ஓடி, ‘பாவிகளே, ஆசைதீரப் பாருங்கள்’ என்று தன் கண்களையே ஏசுகிறான். ஏசியது எது? அறிவு அவ்வளவு சூடாகப் பேசாது. ஆசை தன்னையே திட்டிக்கொள்ளாது. அது ரோஷம் என்றும், நல்ல வளர்ப்பு இருந்தால் அது அறிவின் பக்கம் நிற்கும் என்றும் பிளேட்டோ காட்டுகிறார். உங்கள் குறிப்பேட்டு வரியைப் பார்த்து, அதில் பேசுவது வேட்கையா, ரோஷமா, ஆராய்ந்த விருப்பமா என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். பாகப்பிரிவினை வழக்குகளில் நிலத்தின்மேல் ஆசை கொஞ்சமும் ரோஷம் மிகுதியுமாக இருப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. எதைப் படித்தாலும் ‘இதைத்தான் வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார்’ என்று சொல்லத் துடிக்கும் நாக்கு நமக்கு உண்டு. ஒப்புமைகள் இருக்கலாம், ஆனால் அதைச் சொன்ன மறுகணமே கிரேக்கனின் கேள்வி அடங்கிவிடும், நாமும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிடுவோம். முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒப்பிடுவதில்லை என்று எங்கள் படித்துறையில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்.

கேட்பது எப்படி

சாக்ரட்டீஸின் விசாரணைக்கு ஒரு நடை உண்டு. ஒருவர் பெருமையாகப் பயன்படுத்தும் ஒரு சொல்லை எடுத்து, அதற்கு இலக்கணம் கேட்பார். வந்த விடையைத் தற்காலிகமாக ஏற்றுக்கொள்வார். பிறகு, அதே மனிதர் தயங்காமல் ஒத்துக்கொள்ளும் வேறு செய்திகளை அவர் வாயாலேயே வரவழைத்து, அவை முதல் விடையோடு பொருந்தாததைக் காட்டுவார். லாக்கஸ் என்பவர் படைத்தலைவர். அணியில் நின்று ஓடாமல் போரிடுவதே வீரம் என்கிறார். சித்தியர் என்னும் நாடோடி இனத்துக் குதிரைவீரர்கள் பின்வாங்கியபடியே போரிடுகிறார்களே என்று கேட்டதும், உள்ளத்தின் உறுதிதான் வீரம் என்று மாற்றிக்கொள்கிறார். கிணற்றில் குதிக்கும் கலை தெரியாமலே குதிப்பவனும் உறுதியாகத்தான் குதிக்கிறான், அவன் வீரனா என்று அடுத்த கேள்வி வருகிறது. போர்க்களம் கண்ட தளபதியால் வீரத்துக்கு இலக்கணம் சொல்ல முடியாமலே உரையாடல் முடிகிறது.

இதை எங்கள் கூட்டத்தில் செய்து பார்த்தோம். என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெரிய மண்டபம், வாணவேடிக்கை, மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட்டு வண்டி என்று அவர் பட்டியல் போட்டிருந்தார். அதில் பாதி கடனில் நடக்க வேண்டியது. குறிப்பேட்டில் அவர் எழுதிய வரி, ‘கல்யாணம் கௌரவமாக நடக்க வேண்டும்’ என்பது.

“கௌரவம்னா என்ன சித்தப்பா?” என்று கேட்டேன்.

“நாலு பேரு மெச்சுற மாதிரி செய்யிறதுதான்.”

“மேலத் தெருவுல ஒருத்தர் போன வருசம் அப்படித்தான் செஞ்சாரு, எல்லாரும் மெச்சினாங்க. ஆறு மாசத்துல நிலத்தை வித்தாரு. அவருக்குக் கௌரவம் இருக்கா?”

சற்று நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “சொன்ன சொல்லைக் காப்பாத்துறதுதான் கௌரவம்” என்று மாற்றினார்.

“தர முடியாததைத் தரேன்னு ஒருத்தர் சம்பந்திகிட்ட சொல்லிட்டா? அந்தச் சொல்லையும் காப்பாத்தணுமா?”

அங்கே அவர் எழுந்துவிட்டார். மூன்று சனிக்கிழமைகள் வரவில்லை. என் கேள்விகளில் பிழை இருந்ததாக எனக்கு இன்றும் தோன்றவில்லை. பிழை என் குரலில் இருந்தது. மற்ற மூவர் எதிரில், வயதில் மூத்தவரை, வென்றுவிட்ட தொனியில் கேட்டேன். ‘மெனோ’ உரையாடலில் மெனோ, சாக்ரட்டீஸை மின்திருக்கை மீனுக்கு ஒப்பிட்டு, தொட்டவர்களை மரத்துப்போகச் செய்கிறீர் என்று குறைப்படுகிறான். அதற்கு அவர், அந்த மீன் தானும் மரத்துப்போயிருந்தால்தான் உவமை எனக்குப் பொருந்தும், விடை தெரிந்துகொண்டு நான் பிறரைக் குழப்பவில்லை, நானே குழம்பியிருப்பதால்தான் அவர்களும் குழம்புகிறார்கள் என்கிறார். நாகப்பட்டினத்து மீனவருக்குத் திருக்கையைக் கையாளத் தெரியும். அன்று எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா வீட்டுத் திண்ணைக்கே போய் மன்னிப்புக் கேட்ட பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள் இவை: கேட்பவர் முதலில் தம் குறிப்பேட்டு வரியை நடுவில் வைத்துத் தாம் கேட்கப்பட வேண்டும், ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே கேட்கலாம், வீட்டுச் செய்தியானால் இருவர் மட்டும் தனியே உட்காரலாம், ‘தெரியலையே’ என்ற சொல் வந்ததும் அன்றைய கேள்வி நிற்க வேண்டும். அந்தத் தெரியாமையை வெட்கமில்லாமல் ஒரு வாரம் சுமந்திருப்பதுதான் பயிற்சி. அதை உடனே ஒரு பொன்மொழியால் அடைத்துவிடக் கூடாது.

ஆசையைப் பிரித்தலும் திருப்புதலும்

எபிக்யூரஸ் கி.மு. 341-இல் சாமோஸ் தீவில் பிறந்தவர். உண்டு களிக்கச் சொன்னவர் என்று பெயரெடுத்த அவர், ரொட்டியும் தண்ணீரும் போதும் என்று வாழ்ந்தவர்; நினைத்தபோது விருந்துண்ணச் சிறு பானைப் பாலாடைக்கட்டி அனுப்பும்படி நண்பருக்கு எழுதியதாகப் பழைய வரலாறு ஒன்று சொல்கிறது. ஆசைகளை அவர் மூன்றாகப் பிரித்தார். இயற்கையானதும் இன்றியமையாததுமானவை: பசிக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், வெயிலுக்குக் கூரை. இயற்கையானவை, ஆனால் இல்லாமலும் இருக்கலாம் என்பவை: அதே சோற்றுக்கு நான்கு வகைக் கூட்டு. மூன்றாவது, இயற்கையும் இல்லாமல் தேவையும் இல்லாமல் வெறும் எண்ணத்தால் எழுபவை: புகழ், சிலை, பட்டம். முதல் வகைக்கு எல்லை உண்டு, வயிறு நிறைந்தால் நின்றுவிடும். மூன்றாவதற்கு எல்லை இல்லை. பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் வரும் ஓட்டைக் குடமும் இதையே காட்டுகிறது.

செய்முறை எளிது. குறிப்பேட்டு வரியைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் மூன்றில் ஒன்றில் போடுங்கள். பிறகு எபிக்யூரஸ் ஒவ்வொரு ஆசையிடமும் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேளுங்கள்: இது நிறைவேறினால் எனக்கு என்ன ஆகும், நிறைவேறாவிட்டால் என்ன ஆகும்? இரண்டு விடைகளையும் எழுதுங்கள். இரண்டாம் விடை எழுத வராமல் பேனா நிற்கும் துண்டுகள்தாம் மூன்றாம் வகை.

ஆனால் பிரித்ததோடு ஆசை போய்விடாது. எபிக்டெட்டஸ் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு, இப்போதைக்கு ஆசைகளை முழுவதும் ஒதுக்கி வையுங்கள் என்று அறிவுரை சொல்கிறார். அடிமையாக இருந்து விடுதலை பெற்று, எளிய வாழ்க்கை வாழ்ந்த அவருக்கு அது கைகூடியிருக்கலாம். குடும்பஸ்தர்களாகிய எங்களுக்கு அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பிளேட்டோ சொன்ன வழி எங்களுக்குப் பிடிபட்டது. ‘குடியரசு’ ஆறாம் பகுதியில் அவர், ஒருவனுடைய ஆசைகள் ஒரு பக்கம் பலமாகச் சாய்ந்தால் மற்றப் பக்கங்களில் அவை வலுவிழக்கும் என்றும், வேறு வாய்க்காலுக்குத் திருப்பிவிடப்பட்ட ஓடையைப் போல என்றும் எழுதுகிறார். இந்த ஒரு வரியைப் படித்தபோது எங்களில் வயல் வைத்திருக்கும் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

முறை வைத்துத் தண்ணீர் விடும் நாளில், இரவு இரண்டு மணிக்கு டார்ச்சும் மண்வெட்டியுமாக வாய்க்காலோரம் நின்றவர்களுக்கு இது தெரியும். என் வயல் நிரம்பிவிட்டது என்று என் மடையை மட்டும் அடைத்தால், பின்னால் வரும் தண்ணீர் ஏறி, எலி வளையோ நண்டு வளையோ உள்ள இடமாகப் பார்த்து வரப்பை அறுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே முதலில் அடுத்தவர் மடையை வெட்டி, தண்ணீர் அந்தப் பக்கம் இழுக்கத் தொடங்கியதைக் காலால் உணர்ந்த பிறகே, வைக்கோலைச் சுருட்டி மண்ணோடு சேர்த்து நம் மடையில் வைத்து மிதிக்க வேண்டும். அடைப்பது இரண்டாவது வேலை. திறப்பதுதான் முதல் வேலை. மேலே தலைப்பில் இருப்பவர் தேவைக்குமேல் இழுத்துக்கொண்டால் கடைமடை காய்ந்துபோகும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால், ஓர் ஆசை மனம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும்போது எது காய்கிறது என்ற கேள்வியும் தானாக வரும்.

சித்தப்பா திரும்பி வந்த பிறகு, அவருடைய பட்டியலை இப்படித்தான் எடுத்துக்கொண்டோம். கௌரவ ஆசையை விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஆசைக்குள் எது நிஜமாக ஓடுகிறது என்று தேடியபோது, வந்தவர்கள் வயிறார உண்டு போக வேண்டும், தன் அப்பா காலத்தில் நடந்தது போல நல்ல நாகஸ்வரக் கச்சேரி ஒன்று நடக்க வேண்டும் என்ற இரண்டுதான் அவர் வாயிலிருந்து வந்தன. நாகஸ்வரத்துக்கும் பந்திக்கும் மடையைத் திறந்தார். வாணவேடிக்கையும் சாரட்டும் தாமாகவே வற்றிப்போயின. மண்டபம் மட்டும் பெரியதாகவே இருந்தது. அதில் அவர் அசையவில்லை.

தெரிந்ததற்கும் அறிந்ததற்கும் உள்ள தூரம்

லாரிசா என்னும் ஊருக்கு வழி தெரிந்தவன் போய்ச் சேருவான்; வழி தெரியாமலே சரியாக ஊகித்தவனும் போய்ச் சேருவான்; அப்படியானால் அறிவுக்கும் சரியான கருத்துக்கும் என்ன வேறுபாடு என்று ‘மெனோ’வில் கேள்வி எழுகிறது. சரியான கருத்துகள், புராணச் சிற்பி டெடலஸ் செய்த சிலைகளைப் போன்றவை, கட்டிவைக்காவிட்டால் எழுந்து ஓடிவிடும், காரணம் என்னும் கயிற்றால் கட்டியபோதுதான் அவை அறிவாகின்றன என்கிறார் சாக்ரட்டீஸ். பயிர் மஞ்சளித்தால் யூரியா போடு என்று கடைக்காரர் சொன்னது பல ஆண்டுகள் சரியாகவே பலிக்கும். தழைச்சத்துக் குறைந்தால் முதலில் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் மஞ்சளாகும், கந்தகச் சத்துக் குறைந்தால் இளம் இலைகள் முதலில் மஞ்சளாகும் என்று காரணத்தோடு தெரிந்தவர், பலிக்காத ஆண்டிலும் தடுமாற மாட்டார். உங்கள் குறிப்பேட்டு வரிக்கு ஆதரவாக நீங்கள் நம்பும் ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்தில் அதன் காரணத்தை எழுதுங்கள். ‘எல்லாரும் சொல்கிறார்கள்’ என்பதைக் காரணமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இதே நூலில் கணக்கறியாத ஓர் அடிமைச் சிறுவனிடம் சாக்ரட்டீஸ் மண்ணில் சதுரம் வரைந்து காட்டுவதை வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம். பக்கம் 2 அடியுள்ள சதுரத்தின் பரப்பு 4 சதுர அடி. இதைப்போல இரண்டு மடங்குப் பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு? சிறுவன் 4 அடி என்கிறான், 16 வருகிறது. 3 அடி என்கிறான், 9 வருகிறது. தெரியவில்லை என்று நிற்கிறான். என் அக்கா மகளுக்கு வயது எட்டு. அவளும் இந்த இரண்டு விடைகளையும் அதே வரிசையில் சொன்னாள். இரண்டு அடி இடைவெளியில் மூன்று புள்ளி, மூன்று வரிசை வைத்து, நான்கு ஓரங்களின் நடுப்புள்ளிகளையும் இணைக்கச் சொன்னேன். கோலம் போட்டுப் பழகிய கை. மூலைவிட்டங்களால் ஆன சாய்சதுரம் போன்ற உருவம் வந்தது. ஒவ்வொரு சின்னச் சதுரத்திலும் அது பாதியை எடுத்துக்கொள்வதை அவளே விரலால் தடவிப் பார்த்து, நாலு பாதி எட்டு என்று சொன்னாள். நான் எதையும் கற்பிக்கவில்லை என்று சாக்ரட்டீஸ் சொல்வதில் கொஞ்சம் குறும்பு இருக்கிறது. அவருடைய கேள்விகளே பாதி வழியைக் காட்டிவிடுகின்றன. இருந்தாலும், விடை தவறு என்று அந்தச் சிறுவன் உணர்ந்த கணத்துக்கு அவர் தரும் மதிப்பைக் கவனியுங்கள். முன்பு தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தான், இப்போது தேடத் தயாராகிவிட்டான் என்கிறார்.

பழக்கமாக்குதல்

தெரிந்தபின்னும் ஏன் தவறுகிறோம்? தெரிந்தே எவனும் தவறு செய்வதில்லை என்று சாக்ரட்டீஸ் உறுதியாகச் சொன்னார். அருகில் இருப்பது பெரிதாகத் தெரிவதைப்போல உடனே கிடைக்கும் இன்பம் பெரிதாகத் தெரிகிறது, அளக்கத் தெரியாததே குற்றம் என்பது ‘புரோட்டகோரஸ்’ உரையாடலில் அவர் வாதம். அரிஸ்டாட்டில் இதை அப்படியே ஏற்கவில்லை. குடித்தவன், மெய்யியலைப் பாட்டாக எழுதிய எம்பெடோக்ளிஸின் செய்யுளை ஒப்பிப்பதைப்போல, ஆசையின் பிடியில் உள்ளவன் அறிவுரையை வாயால் சொல்லிக்கொண்டே மீறுவான் என்கிறார். அவர் எடுத்துக்காட்டும் இனிப்பேதான். திருவையாற்றுக் கடையில் வாழையிலையில் சூடாக அசோகா அல்வா வரும்போது, சர்க்கரை நோயுள்ள என் மனத்தில் ‘இனிப்பு எனக்கு ஆகாது’ என்ற பொதுவிதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் பக்கத்திலேயே ‘இனிப்பு சுவையானது’ என்ற இன்னொரு பொதுவிதியும் இருக்கிறது. ‘இதோ இது இனிப்பு’ என்ற சின்ன வாக்கியம் எதனுடன் போய் ஒட்டிக்கொள்கிறதோ அதன்படி கை நீளும். ஆகவே, பொதுவிதியை நூறு முறை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. கடைவாசலில் செருப்பைக் கழற்றுமுன்பே, ‘நான் விலக்க வேண்டியது இந்தக் கடையின் இந்த அல்வா’ என்று குறிப்பிட்ட பொருளைப் பெயர் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு ஐந்துக்கு மூன்று முறை பலிக்கிறது.

நற்பண்பு இயற்கையாகவும் வருவதில்லை, இயற்கைக்கு மாறாகவும் வருவதில்லை. வீடு கட்டிக் கட்டியே கொத்தனாராகிறோம், நியாயமாக நடந்து நடந்தே நியாயவானாகிறோம் என்பது அரிஸ்டாட்டிலின் அறவியல் நூலில் இரண்டாம் பகுதி. சுவாமிமலையில் சிற்பக்கூடங்களுக்குப் போய்ப் பாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துப் பிசைந்த மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலை மெல்லப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். பயில வரும் பையன் ஆண்டுக்கணக்காக மெழுகு விரல்களையே செய்துகொண்டிருப்பான். அவனைச் சிற்பியாக்குவது அந்த விரல்கள். ஆனால் தவறாகச் செய்துகொண்டே இருந்தால் தவறான கையும் அதே வழியில்தான் உருவாகும் என்று அரிஸ்டாட்டில் எச்சரிக்கிறார்.

நடுநிலை பற்றிய அவர் கருத்தையும் பலர் கணக்காக்கிவிடுகிறார்கள். பத்து மினா (கிரேக்க எடை அளவு) உணவு அதிகம், இரண்டு குறைவு என்றால், ஆறு சரியென்று பயிற்சியாளர் எல்லோருக்கும் ஒரே அளவு போடமாட்டார். மல்லன் மிலோவுக்கு அது போதாது, புதிதாகத் தொடங்குபவனுக்கு மிகுதி. நடு என்பது அவரவர்க்கு உரிய நடு. திருட்டிலும் கொலையிலும் நடு என்று ஒன்று இல்லவே இல்லை என்றும் அவர் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். செய்முறைக்கு அவர் தரும் குறிப்பு நேரடியானது: நீங்கள் இயல்பாக எந்தப் பக்கம் சாய்பவர் என்று, இன்பதுன்பங்களை வைத்துக் கண்டுபிடியுங்கள், பிறகு வளைந்த மரத்தை நிமிர்த்துபவர்கள் செய்வதுபோல எதிர்ப்பக்கமாக இழுங்கள். கஞ்சத்தனம் உள்ளவர் கொஞ்ச நாள் ஊதாரியாகத் தெரியும் அளவுக்குக் கொடுத்தால்தான் நடுவுக்கு வருவார். என் சாய்வு அதிகம் பேசுவது. ஆகவே எங்கள் கூட்டத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை நான் வாயே திறப்பதில்லை. அன்று கூட்டம் நன்றாக நடப்பதாக மற்ற நால்வரும் சொல்கிறார்கள்.

இவர்களைப் படிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு வணங்க வேண்டியதில்லை. பண்பைப் பற்றி இவ்வளவு நுட்பமாக எழுதிய அரிஸ்டாட்டிலே, இயற்கையிலேயே சிலர் அடிமைகள் என்று வாதிட்டவர். எபிக்யூரஸின் தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும் சேர்ந்து பயின்றார்கள்.

ஸ்டோயிக்குகளிடமிருந்து ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். நம் தீர்ப்புகளும் விருப்பு வெறுப்புகளும் நம் கையில் உள்ளவை. உடல், சொத்து, பெயர், பதவி ஆகியவை நம் கையில் இல்லாதவை என்று எபிக்டெட்டஸ் கோடு போடுகிறார். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமா என்பது குடகில் பெய்யும் மழையிலும் அணையின் இருப்பிலும் உள்ளது. வரப்பைச் சீர்செய்து, விதையைத் தேர்ந்து வைத்துக் காத்திருப்பது நம்மிடம் உள்ளது. குறிப்பேட்டுப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு கிழித்து உங்கள் வரியின் துண்டுகளை இரு பக்கமும் பிரித்து எழுதுங்கள். கோட்டின் எந்தப் பக்கம் என்று சண்டை வரும் துண்டுகளைப் பற்றித்தான் துணைவருடன் பேச வேண்டும்.

இரவில் படுக்குமுன் செய்ய வேண்டியதைப் பிதகோரஸின் பெயரால் வழங்கும் பழைய செய்யுள் ஒன்று சொல்லித் தருகிறது. எங்கே தவறினேன், என்ன செய்தேன், செய்ய வேண்டிய எதைச் செய்யாமல் விட்டேன் என்று மூன்று கேள்விகளையும் நாளின் தொடக்கத்திலிருந்து வரிசையாகக் கேட்டு வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். பத்து நிமிடத்துக்குமேல் போனால் அது புலம்பலாகிவிடும். விளக்கை அணைத்துவிட்டு மனத்துக்குள் கேட்டுக்கொள்வதைவிட எழுதுவது நல்லது, ஏனென்றால் இருட்டில் நாம் நமக்கே வக்கீலாகிவிடுகிறோம். சனிக்கிழமை அந்த ஏழு பக்கங்களையும் துணைவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை படிக்கட்டில் கால் நனைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருங்கள். முதல் கேள்வியை அவர்தான் கேட்க வேண்டும்.